அறிந்த பின்னும் எட்டு ஆண்டுகள்

1901-ஆம் ஆண்டில், இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரத்தை அடுத்த போர்ன்வில்லில் சாக்லேட் தொழில் நடத்திவந்த காட்பரி சகோதரர்களின் ஸ்தாபனத்துக்கு, விலைக்கு வந்திருந்த ஒரு கொக்கோத் தோட்டத்தின் ஆஸ்தி விவரப் பட்டியல் வந்து சேர்ந்தது. தோட்டம் இருந்தது சாவோ தோமே என்ற தீவில். ஆப்பிரிக்காவின் மேற்குக் கரைக்கு அப்பால், கினி வளைகுடாவில், பூமத்திய ரேகையை ஒட்டிக் கிடக்கும் அந்தத் தீவு அக்காலத்தில் போர்ச்சுகல் தேசத்தின் ஆளுகைக்கு உட்பட்டிருந்தது. தோட்டத்தோடு கைமாற இருந்த சொத்துக்களுக்கு விலை குறித்துக்கொண்டு வந்த அந்தப் பட்டியலில், இருநூறு கறுப்புத் தொழிலாளர்கள், 3,555 பவுன் என்று ஒரு வரி இருந்தது. ஆள் ஒன்றுக்குச் சுமார் பதினேழே முக்கால் பவுன். கூலிக்கு உழைக்கிற மனிதனை எவரும் நிலத்தோடு சேர்த்து விற்பதில்லை. ஆகையால், அந்த ஒரு வரியைப் படித்த பிறகு, அத்தீவில் நடப்பது இன்னதென்று தெரியாது என்று சொல்லிக்கொள்ள அந்த வியாபாரிகளுக்கு அதிக இடம் இருக்கவில்லை. ஆயினும் அத்தீவின் கொக்கோவை வாங்குவதை அவர்கள் நிறுத்தியது 1909-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில்தான். தாங்கள் விற்கும் பண்டம் யாருடைய உழைப்பில் விளைந்தது என்று விசாரிப்பதை ஒரு கடமையாக ஏற்றுக்கொண்ட வியாபாரிகளின் சரித்திரத்தில், இடைப்பட்ட அந்த எட்டு ஆண்டுகளைப் போல் ஆராயத் தக்க காலம் வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

அவர்கள் ஈரமற்ற நெஞ்சினராக இருந்திருந்தால் இதில் ஆராய்வதற்கே ஒன்றும் இல்லை. காட்பரி குடும்பத்தார் குவேக்கர் என்னும் கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர்கள். ஆடம்பரத்தையும் யுத்தத்தையும் வெறுத்து, தொழிலிலும் சத்தியம் தவறலாகாது என்று குழந்தைப் பருவத்திலிருந்தே போதிக்கப்பெற்றவர்கள். 1879-ல் நகரத்தின் புகையையும் நெருக்கத்தையும் விட்டு விலகி, நாட்டுப்புறத்தில் நீரோடை ஒன்றின் அருகே தங்கள் ஆலையைக் கட்டி, அதைச் சுற்றித் தோட்டம் வைத்த வீடுகளும் விளையாட்டு மைதானங்களும் நீச்சல் குளமும் காலக்கிரமத்தில் உண்டாக்கி, ஆலைக்கென்றே வைத்தியரையும் அமர்த்தியவர்கள். ஜார்ஜ் காட்பரி, 1900-ல், அந்தக் குடியிருப்பைத் தம் சொந்த ஆஸ்தியாக வைத்துக்கொள்ளாமல் ஒரு தர்ம ஸ்தாபனத்தின் பொறுப்பில் ஒப்படைத்தார். அவருக்குச் சொந்தமாயிருந்த 'டெய்லி நியூஸ்' பத்திரிகை, அற்பக் கூலிக்காக வீட்டு மூலையில் உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்டியும் துணி தைத்தும் கண்ணொளி இழந்த ஏழைப் பெண்களின் கதியை ஊரறியச் செய்வதற்காக, 1906-ல் லண்டனில் ஒரு பொருட்காட்சியையே நடத்திற்று.

அடிமை வாழ்வை எதிர்ப்பது குவேக்கர்களுக்குப் பரம்பரைப் பாத்தியதை என்றே சொல்லலாம். 1791-ல் அடிமை வியாபாரத்தை ஒழிக்கும் மசோதா பார்லிமெண்டில் தோற்றபோது, வில்லியம் ஃபாக்ஸ் என்பவர் ஒரு சிறு பிரசுரம் வெளியிட்டார். மேற்கிந்தியத் தீவுகளின் சர்க்கரையை வாங்குகிறவன் அடிமையின் எஜமானனுக்கு உடந்தை என்று அதில் வாதித்ததோடு நில்லாமல், அவர் ஒரு கணக்கும் போட்டுக் காட்டினார்: வாரத்துக்கு ஐந்து ராத்தல் சர்க்கரை செலவிடும் ஒரு குடும்பம் இருபத்தொரு மாதம் அதைத் தொடாமல் இருந்தால், ஒரு மனிதன் அடிமையாவதையோ கொல்லப்படுவதையோ அது தடுத்துவிடும். அந்த இயக்கத்தில் சர்க்கரையைக் கைவிட்டவர்கள் மூன்று லட்சம் பேருக்குக் குறையார் என்று, அடிமை ஒழிப்புக்காக உழைத்த தாமஸ் கிளார்க்ஸன் மதிப்பிட்டார். இந்தியாவிலிருந்து வந்த சர்க்கரையை, அது அடிமைகளின் உழைப்பில் விளைந்ததன்று என்ற விளம்பரத்தோடு கடைக்காரர்கள் விற்கத் தொடங்கியதும் அந்த நாட்களை ஒட்டித்தான். பண்டத்தின் எடையையும் மனித உயிரையும் ஒரே கணக்கில் கொண்டுவந்து நிறுத்திய ஃபாக்ஸின் அந்த முறையை நாம் நினைவில் வைத்திருக்க வேண்டும். நூற்றுப் பதினெட்டு ஆண்டுகளுக்குப் பிறகு, ஒரு நீதிஸ்தலத்தில், அதே கணக்கைக் குவேக்கர் ஒருவரிடமே கேட்கும்படி நேர்ந்தது.

சட்டத்தின் ஏட்டைப் பார்த்தால் சாவோ தோமேயில் அடிமைகளே இல்லை. போர்ச்சுகல் தன் குடியேற்றங்களில் அடிமைத்தனத்தை 1869-லேயே ரத்து செய்து, 1870-களில் அதன் மிச்சங்களையும் ஒழித்துவிட்டதாக அறிவித்திருந்தது. தீவில் வேலை செய்தவர்கள் யாவரும் ஐந்து வருஷ ஒப்பந்தத்தில் வந்த தொழிலாளர்கள் என்பது உத்தியோகஸ்தர்களின் வாய்ப்பாடம். ஆனால் அந்த ஒப்பந்தம் உண்டான விதத்தைக் கவனிக்க வேண்டும். போர்ச்சுகலின் மற்றொரு ஆப்பிரிக்கக் குடியேற்றமான அங்கோலாவின் உட்பிரதேசங்களில், கடனுக்காகவும், செய்யாத குற்றத்துக்காகவும், சாராயத்துக்கும் துப்பாக்கிக்கும் மாற்றாகவும் பிடிக்கப்பட்ட ஆண்களையும் பெண்களையும் தரகர்கள் நூற்றுக்கணக்கான மைல் நடத்திக் கடற்கரைக்குக் கொண்டுவந்தார்கள். கரையில் ஓர் அதிகாரி முன்னால் அவர்களை நிறுத்தி, சாவோ தோமேக்குப் போகச் சம்மதமா என்று கேட்பதாக ஒரு சடங்கு நடந்தது. பதில் என்னவாயிருந்தாலும் பதிவேட்டில் சம்மதம் என்றே ஏறிற்று. பிறகு ஒவ்வொருவருக்கும் எண் பொறித்த ஒரு தகர வில்லையும், ஒப்பந்தக் காகிதத்தைச் சுருட்டி அடக்கிய ஒரு தகரக் குழலும் கொடுத்தார்கள். தாங்கள் எந்த நிபந்தனைக்குக் கட்டுப்பட்டிருக்கிறோம் என்பதை எழுத்தறியாத அந்த ஜனங்கள் கழுத்திலேயே சுமந்துகொண்டு கப்பலேறினார்கள்.

தீவில் அவர்களுடைய நாள் விடிவதற்கு முன் அடிக்கும் மணி கேட்டு வரிசையில் நின்று ஆஜர் கொடுப்பதில் ஆரம்பித்து, மறுபடியும் வரிசையில் நின்று ஆஜர் கொடுப்பதில் முடிந்தது. கொக்கோக் காய்களை வெட்டி உடைத்து, விதைகளை மரப்பெட்டிகளில் போட்டுப் புளிக்கவைத்து, வெயிலில் உலர்த்தி, சாக்கில் கட்டினார்கள். சாக்குகள் லிஸ்பனுக்குப் போய், அங்கிருந்து ஐரோப்பாவின் ஆலைகளுக்குப் பிரிந்து சென்றன. ஐந்து வருஷம் முடிந்ததும் ஒப்பந்தம் தானாகவே புதுப்பிக்கப்பட்டது. தீவில் பிறந்த குழந்தையும் தோட்டத்தின் ஆளாகவே கொள்ளப்பட்டது. சென்னையிலிருந்து 1860 முதல் நேட்டாலுக்கு ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் கப்பலேறிய நம்மவர்களின் துயரத்தை அறிந்த தமிழ் வாசகருக்கு இவையெல்லாம் புதியவையாக இரா. ஆயினும் அவர்களில் ஒரு பகுதியினராவது தாய்நாட்டுக் கரையை மறுபடியும் கண்டார்கள். அங்கோலாவிலிருந்து சாவோ தோமேக்குப் போனவர்களிலோ, 1908 வரையில், ஊர் திரும்பினவர் என்று சொல்ல ஏறக்குறைய ஒருவருமில்லை. போகிற கப்பல் உண்டு, வருகிற கப்பல் இல்லை என்ற அந்த ஒரு செய்தியே, எந்த விசாரணையின் அறிக்கையைக் காட்டிலும் தெளிவான சாட்சியம் அல்லவா?

காட்பரி ஸ்தாபனம் வாங்கிய கொக்கோவில் பாதியை நெருங்கும் பங்கு அந்நாளில் இத்தீவிலிருந்து வந்துகொண்டிருந்தது. இயக்குநர்களில் இளையவரும் ஜார்ஜின் அண்ணன் மகனுமான வில்லியம் காட்பரி, 1901-ன் தொடக்கத்தில் டிரினிடாடுக்குப் போயிருந்த சமயத்தில் இந்த அடிமை முறையைப் பற்றிய பேச்சு முதன்முதலாக அவர் காதில் விழுந்தது. பிறகு அந்தப் பட்டியலும் வந்தது. விஷயத்தை விசாரிக்கும் பொறுப்பை ஸ்தாபனம் அவரிடமே விட்டது. அவர் நேர்மையானவர் என்பதிலும், இரவில் தூக்கம் கெடும் அளவுக்கு இந்த விஷயம் அவரை வருத்திற்று என்பதிலும் எனக்குச் சந்தேகமில்லை. 1903-ல் அவர் லிஸ்பனுக்குப் பிரயாணமாகி, தோட்ட முதலாளிகளையும் போர்ச்சுகீசிய மந்திரியையும் பிரிட்டிஷ் ஸ்தானிகரையும் கண்டு பேசினார். அவ்வாண்டு ஜனவரியில்தான் போர்ச்சுகல் ஒரு புதிய தொழிலாளர் சட்டம் இயற்றியிருந்தது. கூலியில் ஒரு பகுதியைப் பிடித்துவைத்து, ஊர் திரும்பும் செலவுக்கென்று ஒரு நிதி ஏற்படுத்த வேண்டும் என்பது அதன் ஏற்பாடு. சட்டம் பலன் தருவதற்குக் கொஞ்சம் அவகாசம் கொடுங்கள் என்றார் ஸ்தானிகர். நம்பிக்கை இல்லையானால் உங்கள் ஆளையே அனுப்பிப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள் முதலாளிகள்.

வில்லியத்தின் வாதம் எளிதில் தள்ளிவிடத் தக்கதன்று. நாம் இன்றைக்கே வாங்குவதை நிறுத்தினால், நாளைக்கே வேறொருவர் அதை வாங்கிக்கொள்வார். தொழிலாளிக்கு ஒரு நன்மையும் விளையாது. வாங்குகிறவன் என்ற பாத்தியதை இருக்கும்வரையில்தான் நம் சொல்லுக்கு லிஸ்பனில் மதிப்பு உண்டு. இன்றைக்கும் பெரிய கடைகளின் கொள்முதல் அதிகாரிகள், குறை கண்ட ஆலையை உடனே கைவிடாமல் திருத்தப் பார்ப்பதற்கு இதையேதான் காரணமாகச் சொல்லுகிறார்கள். பல சமயங்களில் அது சரியான காரணமும்கூட. ஆனால் இந்த வாதத்துக்கு ஒரு தவணை இருக்க வேண்டும். இன்ன தேதிக்குள் இன்ன மாறுதல் நடக்காவிட்டால் வாங்கமாட்டோம் என்று லிஸ்பனில் அழுத்தமாகச் சொல்லியிருந்தால் அது செல்வாக்கைப் பிரயோகிப்பதாகும். தவணை குறிக்காமல் வாங்கிக்கொண்டே விசாரிப்பது செல்வாக்கு அன்று; அது வாடிக்கை.

அனுப்புவதற்குத் தகுந்த ஆளாக அவர்கள் தேர்ந்தெடுத்தவர் ஜோசப் பர்ட் என்ற குவேக்கர். முன்பு வங்கியில் வேலை பார்த்து, பின் டால்ஸ்டாயின் கொள்கைகளைத் தழுவி அமைந்த ஒரு பொதுவுடைமைக் குடியிருப்பில் சேர்ந்திருந்த சாதுவான மனிதர். அவருக்குப் போர்ச்சுகீசிய பாஷை தெரியாது. ஆகவே முதலில் போர்ட்டோ நகரத்துக்குப் போய் அதைக் கற்றுக்கொண்டார். 1905 ஜூன் மாதத்தில்தான் அவர் சாவோ தோமேயில் கால் வைத்தார்.

அதே சமயத்தில் அங்கே இன்னொருவர் வந்து சேர்ந்திருந்தார். ஹென்றி நெவின்ஸன் என்ற அந்தப் பத்திரிகையாசிரியரை அனுப்பியது அமெரிக்காவின் 'ஹார்ப்பர்ஸ்' மாதப் பத்திரிகை. பின்னாளில் 1907-ல் நம் நாட்டுக்கு வந்து, சூரத் காங்கிரஸ் பிளவுபட்டதை நேரில் கண்டு, நம் தேசிய எழுச்சியைப் பற்றி அனுதாபத்தோடு ஒரு நூல் எழுதியவரும் இவரே. கப்பலிலிருந்து தீவில் இறங்கித் தோட்டத்து விருந்தினராகச் சுற்றிப் பார்ப்பதோடு அவர் திருப்தி அடையவில்லை. தீவுக்கு வருமுன்பே, 1904-ன் இறுதியில் அங்கோலாவுக்கு வந்து, பெங்கெலாத் துறைமுகத்திலிருந்து உட்பிரதேசத்துக்குச் செல்லும் பாதையில், தரகர்கள் ஆட்களை ஓட்டிக்கொண்டு வரும் வழிக்கு எதிர்த் திசையில் அவர் நடந்து போனார். தண்ணீரும் உணவும் கிடைக்காத வறண்ட காட்டு வழி அது. வழியோரத்து மரக்கிளைகளில் மரத்தாலான விலங்குகள் தொங்கிக்கொண்டிருந்தன. கைகளையோ கால்களையோ இரண்டு துளைகளில் நுழைத்து முளை அடித்துப் பூட்டும் கட்டைகள் அவை. கடற்கரைக்கு அருகே வந்தபின் ஓடிப்போக வழியில்லாத ஆட்களுக்கு அவை தேவையில்லாமையால், மறு தடவைக்கு உதவுமென்று கழற்றி மாட்டிவிட்டுப் போயிருந்தார்கள். மரத்தடியில், நடக்க மாட்டாமல் விழுந்து மாண்டவர்களின் எலும்புகள் கிடந்தன. நெவின்ஸன் கண்டதெல்லாம் 1905 முதல் 'ஹார்ப்பர்ஸ்' பத்திரிகையில் வெளிவந்து, 1906-ல் புத்தகமாகவும் வந்துவிட்டது. பர்ட்டும் அவரும் தீவில் சந்தித்துப் பேசியதும் உண்டு.

ஒரு பத்திரிகைக்காரருக்குச் சில மாதங்களில் தெளிவாகிவிட்ட உண்மை, ஸ்தாபனம் அனுப்பிய விசாரணைக்காரருக்கு அங்கீகாரமாக ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் பிடித்தது. பர்ட், தீவிலே மாதக்கணக்கில் தங்கி, நன்றாகக் கட்டப்பட்ட ஆஸ்பத்திரிகளையும் ஒழுங்கான குடியிருப்புகளையும் பார்த்தார். அவை பொய்யல்ல, இருக்கத்தான் செய்தன. பிறகு அங்கோலாவுக்குப் போய், உட்பிரதேசத்தின் பாதையைத் தாமும் கண்டபோதுதான், ஆஸ்பத்திரியின் சுவர் எவ்வளவு வெண்மையாயிருந்தாலும் அதற்குள் படுத்திருப்பவன் எப்படி அங்கே வந்தான் என்ற கேள்விக்கு அது விடையாகாது என்று கண்டுகொண்டார். தொழிலாளியைச் சோதிக்கிற எந்த விசாரணையும் தொழிற்சாலையின் வாசலில் தொடங்கினால் இந்தக் குறை நேர்ந்தே தீரும். 2013 ஏப்ரலில் டாக்காவுக்கு அருகே இடிந்து விழுந்து ஆயிரத்து நூறு பேருக்கு மேல் பலிகொண்ட ராணா பிளாசா கட்டடத்திலும், அந்நியக் கடைகளுக்காக நடத்தப்பட்ட தணிக்கைக்கு முன்பே உட்பட்டிருந்த ஆலைகள் இருந்தன. கூலிப் பட்டியலையும் வேலை நேரத்தையும் பார்த்த அந்தக் கண்கள், தலைக்கு மேல் சட்டவிரோதமாக ஏறியிருந்த மாடிகளைப் பார்க்கவில்லை.

பர்ட் இங்கிலாந்துக்குத் திரும்பியது 1907 ஏப்ரலில். அவருடைய அறிக்கை, தொழிலாளரின் நிலை அடிமைத்தனமே என்பதை ஐயத்துக்கு இடமின்றிக் கூறிற்று. அதை உடனே வெளியிட்டிருக்கலாம். ஆனால் பிரிட்டிஷ் வெளிநாட்டு இலாகா பதம் பார்த்துத் திருத்தச் சொன்னது. போர்ச்சுகலின் மனம் நோகலாகாது என்பது அதன் கவலை. பிரிட்டிஷ் வசமிருந்த டிரான்ஸ்வாலின் தங்கச் சுரங்கங்களுக்கு மொசாம்பிக்கிலிருந்து ஆயிரக்கணக்கில் ஆள் பிடித்துக் கொடுத்துக்கொண்டிருந்ததும் அதே போர்ச்சுகல்தான் என்பதைச் சேர்த்துப் பார்த்தால் அந்தக் கவலையின் காரணம் விளங்கும். 1907-ன் கடைசியில் வில்லியம் மறுபடியும் லிஸ்பனுக்குப் போய் அறிக்கையை முதலாளிகளிடம் கொடுத்தார்; அவர்கள் மீண்டும் அவகாசம் கேட்டார்கள். அறிக்கை பொதுமக்களின் கையில் கிடைத்தது 1908-ல்தான். இவ்வளவும் நடக்கிற காலத்தில் சாக்குகள் லிஸ்பன் வழியாக வந்துகொண்டே இருந்தன. 1901 முதல் 1908 வரையில் காட்பரி ஸ்தாபனம் அத்தீவின் கொக்கோவுக்காகக் கொடுத்த தொகை சுமார் 13 லட்சம் பவுன்.

1908 செப்டம்பர் 26-ஆம் தேதி, 'ஸ்டாண்டர்ட்' என்ற கன்சர்வேடிவ் கட்சிப் பத்திரிகை இதைக் கையில் எடுத்துக்கொண்டது. தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களில் சீனத் தொழிலாளிகளை அடிமை கொள்வதாக எதிர்க்கட்சி மீது முழங்கியவர்கள், போர்ன்வில்லில் தங்கள் வேலைக்காரிகளைத் தாயன்போடு நடத்துகிறவர்கள், தங்கள் கொக்கோவைப் பறிக்கும் கறுப்புக் கைகளைப் பற்றி மாத்திரம் மௌனமாயிருந்தார்கள் என்று குத்திக் காட்டிற்று. அந்தப் பத்திரிகைக்கு அங்கோலாவின் மக்கள் மீது கருணை பொங்கிவிட்டது என்று நினைக்க நியாயமில்லை. லிபரல் கட்சிக்குப் பணமும் பத்திரிகையும் கொடுத்து உதவிய ஒரு குடும்பத்தின் பெயரைக் கெடுப்பதே அதன் நோக்கம். காட்பரி ஸ்தாபனம் மானநஷ்ட வழக்குத் தொடுத்தது.

வழக்கு 1909 நவம்பர் இறுதியில் பர்மிங்ஹாமில் விசாரணைக்கு வந்தது. வாதிகளுக்கு ரூஃபஸ் ஐசக்ஸ். பின்னாளில் ரெடிங் பிரபுவாக நம் நாட்டுக்கு வைஸ்ராயாக வந்தவர். பத்திரிகைக்கு எட்வர்ட் கார்ஸன். குறுக்கு விசாரணையில் அந்தக் காலத்தில் அவருக்கு நிகரானவர் அரிது. வில்லியம் காட்பரி சாட்சிக் கூண்டில் நின்று, தாம் எழுதிய கடிதங்களையும் செய்த பிரயாணங்களையும் பொறுமையோடு எடுத்துச் சொன்னார். கார்ஸன் ஒவ்வோர் ஆண்டாக எடுத்துக்கொண்டு, இந்த ஆண்டில் உங்களுக்குத் தெரியுமா, தெரிந்தும் வாங்கினீர்களா என்றே கேட்டுக்கொண்டு வந்தார். இறுதியாக, 1901-க்கும் 1908-க்கும் இடையில் உங்களுக்காகக் கொக்கோ விளைவித்து உயிரிழந்த அடிமைகள் எத்தனை பேர் என்று எப்போதாவது மதிப்பிட்டுப் பார்த்ததுண்டா என்று கேட்டார். இல்லை என்பதைத் தவிர வில்லியத்தினிடம் விடையில்லை.

ஜூரர்கள் வாதிகளின் பக்கமே தீர்ப்பளித்தார்கள். பத்திரிகை எழுதியது அவதூறுதான் என்றார்கள். நஷ்டஈடாக அவர்கள் நிர்ணயித்த தொகை ஒரு ஃபார்திங்: ஒரு பென்னியில் கால் பங்கு. இதைவிடச் சிறிய நாணயம் அன்றைய இங்கிலாந்தில் பொதுவாகப் புழங்கவில்லை. நான் இந்தத் தீர்ப்பை நியாயமானதென்றே கருதுகிறேன். காட்பரிகள் பாசாங்குக்காரர்கள் அல்லர். பாசாங்குக்காரர்கள் தங்கள் செலவில் விசாரணைக்காரரை அனுப்பி, தங்களுக்கே பாதகமான அறிக்கையை வாங்கி வெளியிடுவதில்லை. ஆனால் அவர்களுடைய நேர்மை, நிச்சயத்தின் மேல் நிச்சயம், அதன் மேலும் ஒரு நிச்சயம் என்று தேடிக்கொண்டே போய், தேடும் காலத்துக்கு வேறொருவன் தன் ஆயுளால் விலை கொடுக்கிறான் என்பதைக் கணக்கில் சேர்க்க மறந்துவிட்டது. கூலிப் பட்டியலில் ஒரு பென்னி தவறினால் கண்டுபிடிக்கும் வியாபாரிகள் அவர்கள். அந்த ஒரு செலவை மாத்திரம் எழுதிக்கொள்ள அவர்களுடைய கணக்குப் புத்தகத்தில் பத்தியே இருக்கவில்லை.

வழக்கு விசாரணைக்கு வருவதற்கு முன்பே, வில்லியமும் பர்ட்டும் சேர்ந்து அங்கோலாவுக்கும் தீவுக்கும் போய்ப் பார்த்து வந்த பின், 1909 மார்ச்சில், காட்பரி, ஃப்ரை, ரௌன்ட்ரீ என்ற மூன்று குவேக்கர் ஸ்தாபனங்களும் சாவோ தோமேக் கொக்கோவை இனி வாங்குவதில்லை என்று அறிவித்தன. ஜெர்மனியின் ஸ்டோல்வெர்க் ஸ்தாபனமும் சேர்ந்துகொண்டது. அமெரிக்கச் சாக்லேட் முதலாளிகளையும் சேர்க்கும் பொருட்டுப் பர்ட் அவ்வாண்டே அங்கே போனார்; அந்தப் பிரயாணம் பெரும்பாலும் வீணாயிற்று. வேறு யாராவது வாங்கிக்கொள்வார்கள் என்று வில்லியம் அஞ்சியது ஓரளவுக்கு உண்மையாயிற்று. தீவின் கொக்கோ விற்காமல் தேங்கிவிடவில்லை. ஆயினும் ஊர் திரும்பும் கப்பல்கள் அதன்பின் மெல்ல மெல்ல ஓடத் தொடங்கின.

வாங்குகிறவர்கள் திரும்பிய திசை கோல்ட் கோஸ்ட், அதாவது இன்றைய கானா. அங்கே கொக்கோ, எஜமானர்களின் தோட்டங்களில் அல்லாமல், உள்நாட்டுக் குடியானவர்கள் தங்கள் நிலத்தில் தாங்களே வைத்து வளர்த்த பயிராக இருந்தது. 1891-ல் அந்த நாடு ஏற்றுமதி செய்தது வெறும் 80 ராத்தல். 1911-ல் அது உலகத்திலேயே அதிகமாகக் கொக்கோ விளைவிக்கும் நாடாகிவிட்டது. விலங்கு பூட்டாமல் கொக்கோ கட்டுப்படியாகாது என்று லிஸ்பனில் சொல்லிவந்ததற்கு, மண்வெட்டி பிடித்த அந்தக் குடியானவர்கள் இருபது ஆண்டுகளில் விடை கொடுத்துவிட்டார்கள்.

அவர்களுடைய கதையும் அத்தோடு சுகமாக முடியவில்லை. 1937-ல் ஐரோப்பியக் கொள்முதல் கம்பெனிகள், காட்பரியும் உட்பட, போட்டி போட்டு விலையை ஏற்றுவதில்லை என்று தங்களுக்குள் உடன்பாடு செய்துகொண்டபோது, கோல்ட் கோஸ்ட் விவசாயிகள் மாதக்கணக்கில் கொக்கோவை விற்க மறுத்து, ஐரோப்பியச் சரக்குகளையும் வாங்க மறுத்து நின்றார்கள். அடிமைத்தனத்தை ஏற்காத வாங்குபவரும், விலை விஷயத்தில் குடியானவனை நெருக்கத் தயங்கவில்லை. பிரிட்டிஷ் அரசாங்கம் நோவெல் என்பவரின் தலைமையில் விசாரணைக் குழு அமைத்து, அந்த உடன்பாட்டைக் கைவிடும்படி செய்ய வேண்டியதாயிற்று.

சுதந்திரம் பெற்று நான்கு ஆண்டுகளே ஆகியிருந்த கானா அரசாங்கம், 1961-ல், அங்கோலாவிலும் மொசாம்பிக்கிலும் போர்ச்சுகீசியக் கினியிலும் கட்டாய உழைப்பு இன்னும் நடக்கிறது என்று போர்ச்சுகல் மீது சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனத்தில் புகார் கொடுத்தது. விசாரணைக் குழு ஒன்று அவ்வாண்டின் இறுதியில் அங்கோலாவுக்கும் மொசாம்பிக்குக்கும் போய் நேரில் விசாரித்தது. 1962-ல் போர்ச்சுகல் தன் பழைய பூர்வகுடித் தொழிலாளர் சட்டத்தை விட்டுப் புதிய சட்டம் இயற்றிற்று. 1903-ல் லிஸ்பனுக்குப் போய்க் கேட்டவர் கொக்கோவை வாங்குகிற வியாபாரி. இந்தத் தடவை கேட்டது கொக்கோ விளைவிக்கிறவர்களின் அரசாங்கம்.